பணியிலிருக்கும் தாதியரின் உயர்கல்வி: செட்டிநாட்டை முன்வைத்து ஒரு வரலாறு

பிரசவ அறைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பணியாற்றும் தாதியர், வேலையை விடாமல் மேற்படிப்புப் படிப்பதற்குத் தமிழ்நாட்டில் உருவான வழிகளையும் தடைகளையும் பற்றியது இக்கட்டுரை. சென்னை மாகாணத்தில் முறையான தாதிப் பயிற்சி 1854-ல் தொடங்கியது. செவிலியப் பயிற்சி அதற்குப் பல ஆண்டுகள் கழித்தே வந்தது. ஆனால் பட்டப்படிப்பும் முதுநிலைப் படிப்பும் வந்தபோது அவை செவிலியத்தின் பெயரிலேயே வந்தன. தாதிமை அதற்குள் ஒரு பாடமாக அடங்கியது. காரைக்குடி போன்ற, பெருநகரங்களிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களில் பணிபுரிந்த பெண்களின் உயர்கல்வியை இந்த மாற்றமே பெரிதும் தீர்மானித்தது.

பெயர்கள்

பிரசவம் பார்க்கும் பெண்ணுக்குத் தமிழில் பல பெயர்கள் உள்ளன. பரம்பரையாகப் பேறு பார்த்தவர் மருத்துவச்சி எனப்பட்டார். பயிற்சியும் பதிவும் பெற்றவரைத் தாதி என்று குறிப்பது அரசு வழக்கு. பதிவு செய்யும் அமைப்பும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம் என்றே தமிழில் வழங்கப்படுகிறது. ஏ.என்.எம். எனப்படும் துணைச் செவிலியர்-தாதி பயிற்சி பெற்று கிராமத் துணை சுகாதார நிலையத்தில் பணியாற்றுபவர் தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியர். இலங்கைத் தமிழர் வழக்கில் இப்பணியில் இருப்பவர் மருத்துவ மாது.

இந்தியாவில் தாதிமையைத் தனித் தொழிலாகப் படித்துப் பதிவு செய்பவர்கள் மிகக் குறைவு. ஜி.என்.எம். பட்டயமோ பி.எஸ்சி. செவிலியப் பட்டமோ முடிப்பவர் ஒரே நேரத்தில் செவிலியராகவும் தாதியாகவும் பதிவு பெறுகிறார். ஆகவே இங்கே தாதியின் உயர்கல்வி என்பது பெரும்பாலும் பிரசவ அறையில் பணியாற்றும் செவிலியரின் உயர்கல்வியே.

செட்டிநாட்டுப் பின்னணி

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், கோட்டையூர், பள்ளத்தூர் முதலிய ஊர்களை உள்ளடக்கிய செட்டிநாடு இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ளது. நகரத்தார் ஆண்கள் பர்மா, மலாயா, இலங்கை, சைகோன் என்று வட்டித் தொழிலுக்குப் போய் ஆண்டுக்கணக்கில் தங்கினார்கள். வீட்டு நிர்வாகமும் பிள்ளைப்பேறும் வளர்ப்பும் பெண்கள் கையில் இருந்தன. தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பது பிற தமிழ்ச் சமூகங்களைப் போலவே இங்கும் வழக்கம். பெரிய வீடானாலும் குடிசையானாலும் பிரசவத்துக்கு அழைக்கப்பட்டவர் ஊர் மருத்துவச்சியே.

தமிழ்நாட்டின் பல பகுதிகளில் மருத்துவச்சிகள் நாவிதர் குலத்தைச் சேர்ந்த பெண்கள். மாமியாரிடமோ தாயிடமோ கூட இருந்து தொழிலைக் கற்றார்கள். கூலி நெல்லாகவும் புடவையாகவும் கிடைத்தது. தாயையும் பிள்ளையையும் காப்பாற்றியவரே தீட்டுக்குரியவராகவும் நடத்தப்பட்டார். தொழிலுக்குச் சமூகத்தில் இருந்த இந்தத் தாழ்ந்த இடம் பிற்காலத்தில் பயிற்சி பெற்ற தாதியரின் மதிப்பையும் ஊதியத்தையும் தொடர்ந்து பாதித்தது.

மிஷன் மருத்துவமனைகள் வழியாக மேலைமுறைப் பேறுகால மருத்துவம் இப்பகுதிக்கு வந்தது. காரைக்குடிக்கு அருகிலுள்ள திருப்பத்தூரில் சுவீடன் மிஷன் மருத்துவமனை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இயங்கியது. ஆனால் படிப்பு இப்பகுதிக்கு வரவில்லை. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி மருத்துவம் படிக்கச் சென்னைக்குப் போக நேர்ந்தது. அவர் 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். மருத்துவருக்கு இருந்த அதே நிலைதான் தாதிக்கும். படிக்க வேண்டுமானால் ஊரைவிட்டுப் போக வேண்டும்.

சென்னையில் தாதிப் பயிற்சி

சென்னையில் 1844-ல் பிரசவ மருத்துவமனை தொடங்கப்பட்டது. 1882-ல் இது எழும்பூருக்கு இடம்பெயர்ந்தது. இங்கு 1854-ல் தாதியருக்கான பயிற்சிப் பள்ளி ஏற்பட்டது. இந்தியாவின் மிகப் பழைய தாதிப் பயிற்சிகளில் ஒன்று இது. சென்னை பொது மருத்துவமனையில் செவிலியப் பயிற்சி 1871-ல்தான் தொடங்கியது. பதினேழு ஆண்டுகள் முந்தியது தாதிப் பயிற்சியே.

1885-ல் டஃபரின் சீமாட்டி நிதியும், 1903-ல் விக்டோரியா நினைவு உதவித்தொகை நிதியும் ஏற்பட்டன. இரண்டாவது நிதி ஏற்கனவே பேறு பார்த்துக்கொண்டிருந்த மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தருவதற்காக உருவானது. பணியிலிருக்கும் பெண்ணை வேலையிலிருந்து விலக்காமல் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணம் இந்தியாவில் அமைப்பு வடிவம் பெற்ற தொடக்ககால முயற்சிகளில் இதுவும் ஒன்று. ஆனால் பயிற்சி தருபவர்கள் மருத்துவச்சியின் அனுபவ அறிவை அறிவாகக் கருதவில்லை. அழுக்கையும் மூடநம்பிக்கையையும் போக்குவதே நோக்கம் என்று கொண்டார்கள். கற்பவரின் அனுபவத்தைப் பாடத்தின் தொடக்கமாகக் கொள்ளும் முறை வர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

தமிழில் மகப்பேற்று நூல்

தாதிமையைத் தமிழில் கற்பிக்கும் முயற்சி யாழ்ப்பாணத்தில் நடந்தது. அமெரிக்க மிஷன் மருத்துவரான சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் (1822–1884) மானிப்பாயில் மருத்துவப் பள்ளி நடத்தினார். டப்ளின் மருத்துவர் மான்செலின் மகப்பேற்று நூல் அவரது முயற்சியால் 1857-ல் தமிழில் வெளிவந்தது. உடற்கூறு, அறுவை மருத்துவம், வேதியியல் நூல்களும் தொடர்ந்தன. 1860-களில் கிறீன் தமிழையே பயிற்று மொழியாக்கினார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே மகப்பேற்று மருத்துவத்தின் கலைச்சொற்களைத் தமிழில் எழுத முடிந்தது என்பதற்கு இந்நூல் சான்று. ஆனால் அந்த மரபு உயர்கல்விக்குத் தொடரவில்லை. இன்று கிராம சுகாதார செவிலியர்களில் பலர் தமிழ்வழியில் பள்ளிப் படிப்பு முடித்தவர்கள். தாய்மாரிடம் அவர்கள் பேசுவதும் தமிழில்தான். பட்டத்துக்கும் முதுநிலைக்கும் உரிய பாடமும் தேர்வும் ஆங்கிலத்தில் உள்ளன. வேலைக்கிடையே தனியாகப் படிக்க வேண்டியவருக்கு வகுப்பறையில் விளக்கம் கேட்கும் வாய்ப்பும் குறைவு என்பதால் மொழி கூடுதல் சுமையாகிறது.

பதிவுச் சட்டமும் போர் குழுவும்

1926-ல் சென்னை செவிலியர் மற்றும் தாதியர் சட்டம் இயற்றப்பட்டது. பயிற்சி, தேர்வு, பதிவு ஆகியவை ஒரு குழுமத்தின் கீழ் வந்தன. 1939-ல் வந்த சென்னை பொதுச் சுகாதாரச் சட்டம் தாய்சேய் நலப் பணியை உள்ளாட்சி அமைப்புகளின் கடமைகளில் சேர்த்தது. நகராட்சிகளும் உள்ளாட்சி வாரியங்களும் தாதியரை நியமித்தன.

1946-ல் அறிக்கை அளித்த போர் குழு, பிரிட்டிஷ் இந்தியாவில் சுமார் 7,000 செவிலியரும், 750 சுகாதாரப் பார்வையாளர்களும், 5,000 தாதியரும் மட்டுமே இருப்பதாகக் கணக்கிட்டது. அப்போது மக்கள்தொகை சுமார் 30 கோடி. ஆண்டுதோறும் ஏறத்தாழ 2 லட்சம் தாய்மார் பேறுகாலத்தில் இறந்தார்கள். குழுவின் உறுப்பினர்களில் ஒருவர் எழும்பூர் மருத்துவமனையின் முதல் இந்தியக் கண்காணிப்பாளரான ஆ. லட்சுமணசுவாமி முதலியார் (1887–1974). இத்தகைய பற்றாக்குறையில் அரசின் கவனம் புதியவர்களை விரைவாகப் பயிற்றுவிப்பதில் இருந்தது. ஏற்கனவே பணியில் இருப்பவரை மேலே படிக்கவைப்பது பின்னுக்குப் போனது.

இங்கிலாந்தில் நிலைமை வேறாக இருந்தது. 1936-ஆம் ஆண்டின் தாதியர் சட்டம், பணியிலிருக்கும் தாதியர் குறிப்பிட்ட இடைவெளிகளில் புத்தாக்கப் பயிற்சி பெறுவதைக் கட்டாயமாக்க வழி செய்தது. தொடர்கல்வி தனிப்பட்டவரின் ஆர்வத்தைப் பொறுத்தது என்ற நிலை மாறி, தொழிலின் நிபந்தனையாயிற்று.

பட்டமும் முதுநிலையும்

1946-ல் டெல்லியிலும் வேலூரிலும் செவிலியப் பட்டப்படிப்பு தொடங்கியது. வேலூரில் அதை நடத்தியது ஐடா ஸ்கடர் நிறுவிய கிறித்தவ மருத்துவ நிறுவனம். செவிலியத்தில் முதுநிலைப் படிப்பு 1959-ல் டெல்லி ராஜ்குமாரி அம்ரித் கௌர் கல்லூரியில் தொடங்கியது. 1947-ல் இயற்றப்பட்ட இந்திய செவிலியர் மன்றச் சட்டம் நாடு முழுவதும் பாடத்திட்டத்தை ஒருமைப்படுத்தியது.

இந்த ஏணியில் தாதிமைக்குத் தனிப் படி இல்லை. எம்.எஸ்சி. செவிலியத்தின் சிறப்புப் பிரிவுகளுள் ஒன்றாக மகப்பேறு மற்றும் மகளிர் நோயியல் செவிலியம் அமைந்தது. அதில் பட்டம் பெற்றவர்களில் பலர் செவிலியர் கல்லூரி ஆசிரியர்களாகச் சென்றார்கள். மேற்படிப்பு பிரசவ அறையின் அனுபவத்தை ஆழப்படுத்துவதற்குப் பதிலாகப் பிரசவ அறையிலிருந்து வெளியேறும் வழியாக மாறியது.

கிராம சுகாதார செவிலியருக்கு இந்த ஏணி இன்னும் நீண்டது. இன்றைய கால அளவுகளின்படி அவர் ஏறவேண்டிய படிகள்:

ஏ.என்.எம். பயிற்சி: 2 ஆண்டுகள்
ஜி.என்.எம். பட்டயம்: 3 ஆண்டுகள்
பட்டயத்துக்குப் பிந்தைய பி.எஸ்சி. செவிலியம்: 2 ஆண்டுகள்
எம்.எஸ்சி. செவிலியம்: 2 ஆண்டுகள்

எம்.எஸ்சி. சேருவதற்கு ஓராண்டுப் பணி அனுபவமும் தேவை. ஏ.என்.எம். முடித்து வேலைக்குச் சேர்ந்த பெண் முதுநிலைப் பட்டம் பெற வேண்டுமானால் மேலும் ஏழு ஆண்டுகள் முழுநேரமாகப் படிக்க வேண்டும். அத்தனை ஆண்டுகளும் ஊதியத்தையும் பணிமூப்பையும் குடும்பத்தையும் விட்டுப் படிக்கக் கூடியவர்கள் அரிது. துறைக்குள் பதவி உயர்வுக்கு ஆறு மாதப் பயிற்சி போன்ற குறுகிய வழிகள் இருந்தன. அவை கல்வித் தகுதியாகக் கணக்கிடப்படவில்லை.

வரதப்பன் குழுவின் பரிந்துரை

செவிலியர் தொழிலின் நிலையை ஆராய 1987-ல் மத்திய அரசு ஓர் உயர்நிலைக் குழுவை அமைத்தது. அதன் தலைவர் சமூகப் பணியாளர் சரோஜினி வரதப்பன். இவர் தமிழக முன்னாள் முதலமைச்சர் எம். பக்தவத்சலத்தின் மகள். பணியிலிருக்கும் செவிலியரின் உயர்கல்வியைப் பற்றி இக்குழு திட்டவட்டமாகப் பேசியது.

ஒவ்வொரு மாநிலமும் தன் செவிலியர்களில் 5 முதல் 10 விழுக்காட்டினரை மேற்படிப்புக்கு அனுப்பும் கொள்கையை வகுக்க வேண்டும்.
ஒவ்வொரு நிறுவனத்திலும் பயிற்சிக்கான இருப்புப் பணியிடங்கள் இருக்க வேண்டும்.
செவிலியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒன்றிரண்டு புத்தாக்கப் பயிற்சிகளில் பங்கேற்க வேண்டும்.

இரண்டாவது பரிந்துரை பிரச்சினையின் வேரைத் தொட்டது. இருப்புப் பணியிடம் என்பது ஒருவர் படிக்கப் போகும்போது அவருடைய இடத்தில் வேலை பார்க்க வைத்திருக்கும் கூடுதல் பணியிடம். மூன்று செவிலியர்கள் முறைவைத்து இருபத்து நான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருவர் படிக்கப் போனால் மற்ற இருவர் அந்த முறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கே ஒருவரின் கல்வி மற்றவரின் தூக்கத்தைக் குறைத்துக் கிடைப்பது. விடுப்பு ஆணை கையில் இருந்தாலும், மாற்று ஆள் இல்லாதவரை அதைப் பயன்படுத்துவது கடினம். நெகிழ்வான கல்வி என்பது பாடத்திட்டத்தின் அமைப்பை மட்டும் சார்ந்தது அல்ல, பணியிட எண்ணிக்கையையும் சார்ந்தது என்பதைக் குழு உணர்ந்திருந்தது.

தொலைநிலைக் கல்வி

1985-ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. ராமநாதபுரம் மாவட்டம் பிரிக்கப்பட்டு சிவகங்கையைத் தலைநகராகக் கொண்ட மாவட்டம் உருவானது. காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதே ஆண்டில் டெல்லியில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தொடங்கியது.

அழகப்பா பல்கலைக்கழகத்தின் வேர் கோட்டையூரைச் சேர்ந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் (1909–1957) 1947 முதல் காரைக்குடியில் எழுப்பிய கல்வி நிறுவனங்களில் உள்ளது. கலை, ஆசிரியர் பயிற்சி, பொறியியல், உடற்கல்வி எனப் பல துறைகளில் அவர் கல்லூரிகளைத் தொடங்கினார். பல்கலைக்கழகம் 1992-ல் தொலைநிலைக் கல்வியை ஏற்படுத்தியது. பள்ளி ஆசிரியர்களும் அலுவலக ஊழியர்களும் வேலையில் இருந்தபடியே பட்டம் பெற்றார்கள். ஊதிய உயர்வும் பதவி உயர்வும் அதனால் கிடைத்தன. அதே ஊரின் பிரசவ அறையில் இருந்த செவிலியருக்கு இந்த வழி தன் தொழில் சார்ந்து திறக்கவில்லை. மருத்துவ, செவிலியக் கல்லூரிகள் 1988 முதல் சென்னையிலுள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இருந்தன. ஆகவே செவிலியர்கள் சமூகவியல், உளவியல், மேலாண்மை போன்ற பாடங்களில் தொலைநிலைப் பட்டம் பெற்றார்கள். அந்தப் பட்டம் அவர்களின் அறிவை வளர்த்தது. தொழில் தகுதியாக அது ஏற்கப்படவில்லை.

செட்டிநாட்டாரின் மற்றொரு கல்விக் கொடை சிதம்பரத்தில் உள்ளது. கானாடுகாத்தானைச் சேர்ந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929-ல் நிறுவிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 1979-ல் தொலைநிலைக் கல்வியைத் தொடங்கித் தென்னிந்தியா முழுதும் மாணவர்களைப் பெற்றது. அங்குள்ள செவிலியர் கல்லூரி செட்டிநாட்டு அரச குடும்பத்து ராணி மெய்யம்மையின் பெயரைத் தாங்கியது. செட்டிநாட்டுச் செல்வம் உருவாக்கிய செவிலியர் கல்லூரிக்கும் செட்டிநாட்டுச் செவிலியர் ஊரைவிட்டுத்தான் செல்ல வேண்டும்.

செவிலியருக்கு உண்மையான மாற்றத்தைத் தந்தது திறந்தநிலைப் பல்கலைக்கழகம். பணியிலிருக்கும் பதிவு பெற்ற செவிலியர்-தாதியருக்கான பட்டயத்துக்குப் பிந்தைய பி.எஸ்சி. படிப்பை அது 1990-களில் தொடங்கியது. குறைந்தது மூன்று ஆண்டுகளில் முடிக்கக்கூடிய படிப்பு இது. பாடங்கள் அச்சிட்ட நூல்களாக வீட்டுக்கு வந்தன. செய்முறைப் பயிற்சி செவிலியர் கல்லூரிகளில் அமைந்த கல்வி மையங்களில் நடந்தது. பணி அனுபவம் சேர்க்கைக்கான தகுதியாக வைக்கப்பட்டது. அனுபவத்தைக் குறையாகக் காணாமல் தகுதியாகக் கண்ட படிப்பு என்ற வகையில் இது முக்கியமானது.

எனினும் முதுநிலையில் ஒரு வேறுபாடு இருந்தது. அதே பல்கலைக்கழகம் தாய்சேய் நலத்தில் முதுநிலைப் பட்டயத்தைத் தொலைநிலையில் நடத்தியது. அது எம்.பி.பி.எஸ். முடித்த மருத்துவர்களுக்கானது. செவிலியருக்கு தாய்சேய் நலச் செவிலியத்தில் ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு கிடைத்தது. ஒரே துறை, ஒரே பல்கலைக்கழகம். மருத்துவருக்கு முதுநிலைப் பட்டயமும் செவிலியருக்குச் சான்றிதழும் என்ற பிரிவு நிலைத்தது.

இலங்கையிலும் 1990-களில் இதே முயற்சி நடந்தது. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், கனடாவின் அத்தபாஸ்கா பல்கலைக்கழகத்தின் உதவியோடு, பணியிலுள்ள தாதியருக்கான செவிலியப் பட்டத்தைத் தொலைநிலையில் தொடங்கியது. (இலங்கையில் தாதி என்ற சொல் செவிலியரைக் குறிக்கும்.) பேறுகாலப் பணியைத் தோளில் சுமந்த மருத்துவ மாதர்களுக்கான தனி உயர்கல்வி அங்கும் பின்தங்கியே இருந்தது.

2020-ல் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட திறந்தநிலை, தொலைநிலைக் கல்வி விதிமுறைகள், அம்முறையில் நடத்தக் கூடாத படிப்புகளின் பட்டியலில் மருத்துவம், மருந்தியல் ஆகியவற்றோடு செவிலியத்தையும் சேர்த்தன. நோயாளியைத் தொட்டுக் கற்க வேண்டிய தொழிலை அஞ்சல்வழி கற்பிக்க முடியாது என்பது இதன் அடிப்படை. இது நியாயமான கவலை. ஆனால் ஏற்கனவே நாள்தோறும் பிரசவம் பார்த்துக்கொண்டிருப்பவருக்குக் குறைவது செய்முறை வாய்ப்பு அல்ல. அந்தச் செய்முறையை மேற்பார்வையிட்டு மதிப்பிடும் ஆசிரியரும், அதைச் சிந்திப்பதற்கான நேரமும்தான்.

பணியிடைப் பயிற்சிகள்

முறையான உயர்கல்விக்கு வெளியே அரசு பல குறுகியகாலப் பயிற்சிகளை நடத்தியது. 1970-களின் இறுதியில் கிராமத்து மருத்துவச்சிகளுக்கு 30 நாள் பயிற்சி அளிக்கப்பட்டது. 2005-க்குப் பின் திறன்மிக்க பேறுகால உதவியாளர் பயிற்சி 21 நாட்கள் நடந்தது. இப்பயிற்சி பெற்ற ஏ.என்.எம்.கள் ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்சிடோசின் ஊசியையும், வலிப்பு கண்ட கர்ப்பிணிக்கு மெக்னீசியம் சல்பேட்டின் முதல் அளவையும் தர அனுமதிக்கப்பட்டனர். பேறுகால மரணங்களின் முக்கியக் காரணங்கள் ரத்தப்போக்கும் வலிப்பும் என்பதால் இது பெரிய அதிகார மாற்றம்.

செவிலியர் தம் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க 150 மணி நேரத் தொடர்கல்வி வேண்டும் என்று இந்திய செவிலியர் மன்றம் வகுத்தது. ஆனால் இந்த மணிநேரங்கள் சேர்ந்து ஒரு பட்டமாவதில்லை. பத்தாண்டுகளில் பத்துப் பயிற்சி பெற்றவரும் கல்வித் தகுதியில் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறார்.

பதினெட்டு மாதப் படிப்பு

தாதிமையைத் தனித் துறையாக மீட்கும் முயற்சி 2000-களில் தொடங்கியது. இந்திய செவிலியர் மன்றம் தாதிமையில் 18 மாதப் படிப்பை உருவாக்கியது. மேற்கு வங்காளத்திலும் குஜராத்திலும் சிறிய அளவில் நடந்தது. 2017-ல் தெலங்கானா அரசு, ஐதராபாத்தின் பெர்னாண்டஸ் மருத்துவமனை, யுனிசெஃப் ஆகியவை சேர்ந்து 30 அரசுச் செவிலியருக்குக் கரீம்நகரில் இப்பயிற்சியை அளித்தன. 2018 டிசம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் தாதிமைச் சேவைக்கான வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. முடித்து பிரசவம் பார்த்த அனுபவம் உள்ளவர்கள் இப்படிப்புக்குத் தகுதியுடையவர்கள். முடித்தவர், சிக்கலற்ற பிரசவங்களைத் தம் பொறுப்பில் பார்க்கும் தாதிமைத் தனிப்பிரிவுகளில் பணியாற்றுவார். அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்குத் தேசியப் பயிற்சி நிறுவனங்களில் ஆறு மாதப் பயிற்சி திட்டமிடப்பட்டது.

இப்படிப்பு பகுதிநேரமானது அல்ல. செவிலியர் தம் பணியிடத்திலிருந்து விலகி 18 மாதம் பயிற்சி மையத்தில் இருக்க வேண்டும். மேலும் இதன் தகுதி பட்டயமே. இதனோடு ஒப்பிடத்தக்க மற்றொரு படிப்பு தீவிர சிகிச்சைச் செவிலியத்தில் 2016–17-ல் அறிமுகமானது. அது மருத்துவமனையில் பணிபுரிந்தபடியே கற்கும் இரண்டாண்டு முதுநிலைப் பட்டம். வேலையும் படிப்பும் ஒரே இடத்தில் நடக்கும் முதுநிலைப் படிப்பு இந்தியாவில் சாத்தியம் என்பதை அது காட்டியது. பிரசவ அறைக்கு அந்த வடிவம் கிடைக்கவில்லை.

2023-ல் தேசிய செவிலியர் மற்றும் தாதிமை ஆணையச் சட்டம், 1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தாதிமை என்ற சொல் நாட்டின் ஒழுங்குமுறை அமைப்பின் பெயரிலேயே இடம்பெற்றது.

பிற நாட்டு அனுபவம்

நியூசிலாந்தில் 1990-ல் நிறைவேறிய சட்டத் திருத்தம், தாதியர் மருத்துவரின் மேற்பார்வையின்றிப் பேறு பார்க்கும் உரிமையை அளித்தது. டுனெடின் நகரிலுள்ள ஒட்டாகோ பாலிடெக்னிக், பணியிலிருக்கும் தாதியருக்கு முதுநிலைப் படிப்பைத் தொலைநிலையில் நடத்துகிறது. ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனியாக எடுத்து, சான்றிதழ், பட்டயம், முதுநிலைப் பட்டம் என்று படிப்படியாகச் சேர்த்துக்கொள்ளலாம். இங்கிலாந்தின் பல்கலைக்கழகங்களும் பகுதிநேர முதுநிலைப் படிப்புகளைத் தருகின்றன.

இம்முறையின் அடிப்படை இரண்டு. ஒன்று, கற்பவர் தம் பணியில் சந்தித்த நிகழ்வுகளையே ஆய்வுப் பொருளாக்குகிறார். மற்றது, இடையில் நிறுத்தினாலும் அதுவரை படித்தது வீணாவதில்லை. பிள்ளை பெற்றுக்கொள்ளும் வயதில் உள்ள பெண்களே பெரும்பான்மையாக இருக்கும் தொழிலில் இரண்டாவது அம்சம் மிகவும் தேவையானது.

இன்றைய நிலை

தமிழ்நாட்டில் வீட்டுப் பிரசவம் ஏறத்தாழ மறைந்துவிட்டது. 2019–21-ல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடந்தன. 2018–20 காலகட்டத்தில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்குப் பேறுகால மரணம் 54. இந்திய சராசரி 97. இச்சாதனையில் கிராம சுகாதார செவிலியருக்கும் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியருக்கும் பெரும் பங்குண்டு. மறுபுறம் அதே கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் பிரசவங்களில் 44.9 விழுக்காடு அறுவை சிகிச்சை மூலம் நடந்தவை. இயல்பான பிரசவத்தைப் பொறுமையாகக் கூட இருந்து நடத்தும் திறனும், எப்போது மருத்துவரை அழைக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் திறனும் உள்ள தாதியரின் தேவை இதனால் மீண்டும் பேசப்படுகிறது.

சிவகங்கையில் 2012-ல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. காரைக்குடி மருத்துவமனை மாவட்டத் தலைமை மருத்துவமனையானது. காரைக்குடியிலிருந்து மதுரையும் திருச்சியும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். சென்னை 400 கிலோமீட்டருக்கு மேல். மாவட்டத்துக்குள் பிரசவம் பார்க்கும் வசதி வளர்ந்த அளவுக்கு, பிரசவம் பார்ப்பவர் மேலே படிக்கும் வசதி வளரவில்லை. எம்.எஸ்சி. படிக்க விரும்பும் செவிலியர் இன்னும் இரண்டு ஆண்டுகள் முழுநேரமாக ஒரு கல்லூரியில் இருக்க வேண்டும்.

மதிப்பீடு

தமிழ்நாட்டில் பணியிலிருக்கும் தாதியரின் உயர்கல்வி மூன்று வழிகளில் முயலப்பட்டுள்ளது. விடுப்பு கொடுத்துக் கல்லூரிக்கு அனுப்புவது, பாடத்தை அஞ்சலில் வீட்டுக்கு அனுப்புவது, சில நாட்கள் பயிற்சிக்கு அழைத்துத் திருப்பி அனுப்புவது. முதல் வழியில் தகுதி கிடைத்தது, பணியிடம் காலியானது. இரண்டாவதில் வேலை நிலைத்தது, ஆனால் படிப்பு பட்டத்தோடு நின்றது, பின்னர் வழியும் குறுகியது. மூன்றாவதில் திறன் வளர்ந்தது, தகுதி சேரவில்லை. மருத்துவமனையே வகுப்பறையாகி, அங்குள்ள வேலையே பாடமாகி, பெற்ற பயிற்சிகள் முதுநிலைப் பட்டத்தை நோக்கிச் சேரும் நான்காவது வழி தாதிமைக்கு இன்னும் உருவாகவில்லை. அதற்கு வேண்டிய முதல் தேவையை வரதப்பன் குழு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே குறிப்பிட்டது: படிக்கச் செல்பவரின் முறையைப் பார்க்க இன்னொருவர்.